புதன்கிழமை அழுகை

வார்டு கவுன்சிலர் தனுஷ்கோடி, கட்டி முடித்து வருஷமாகியும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாத தொட்டிக்குப் பக்கத்தில் சாமியானா போட்டு, அதைத் தான் கொண்டுவந்த கதையை மைக்கைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை காலையில், அதே தெருவில் இருந்த தாய்சேய் நல மையத்தில் நர்ஸ் குளோரி ஒரு கைப்பிள்ளையின் தொடையில் ஊசி போட்டாள், பிள்ளை சிரித்தது, அழுகை கவுன்சிலர் வாயிலிருந்து வந்தது.

விசும்பலாகவோ விக்கலாகவோ வரவில்லை. கைப்பிள்ளை முகம் சிவந்து, மூச்சை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து வைத்திருந்து, பிறகு ஊர் கேட்க வீறிடுமே, அந்த வீறல். அது மைக் வழியாகப் போய், கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாவற்றிலும் ஏறி, உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளின் தகரக் கூரைகளில் மோதித் திரும்பி வந்தபோது, கைதட்டுவதற்காகக் கூட்டி வரப்பட்டவர்கள் வழக்கம்போலக் கைதட்டிவிட்டார்கள்.

எதிர்ச்சாரியில் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாசானமுத்து மட்டும் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மாசானமுத்து ஆயுசு பூராவும் லாரியில் உப்பு மூட்டை ஏற்றி, முதுகு வளைந்த பிறகு ஓய்ந்த ஆள். கிட்டங்கித் தெருவில் அவருக்கு வருத்தம் இல்லாத மனிதர் கிடையாது. டீக்கடை சங்கரலிங்கத்தின் மீது, தன் பெண்சாதி செத்த அன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணி டீ ஊற்றினான் என்று வருத்தம். தாய்சேய் நல மையத்தின் மீது, அதைக் கட்டும்போது அவர் ஆடு கட்டுகிற வாகை மரத்தை வெட்டினார்கள் என்று வருத்தம். கவுன்சிலர் மீது, அவர் அப்பன் மீது, அவர் கட்சி மீது, அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி மீது. மற்றவர்கள் வருத்தத்தைக் காய்ச்சல் மாதிரி வந்து போக விடுவார்கள். இவர் அதை ஆடு மாதிரி தழை போட்டு வளர்ப்பார், குட்டி போட்டால் குட்டியையும் வளர்ப்பார்.

எல்லா வருத்தத்துக்கும் மூத்தது மகள் பிரம்மசக்தி. ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற ரீகன் என்கிற பையனோடு ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியே குடித்தனமும் வைத்துவிட்டாள். ஆரம்பத்தில் சமாதானம் பேச ஆள் மேல் ஆள் விட்டாள். ஒரு பொங்கலுக்கு அவளே கரும்போடு வந்து வாசலில் நின்றாள். மாசானமுத்து எழுந்து உள்ளே போகவில்லை, ஏசவும் இல்லை. நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கரும்போடு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை, யாரையும் விடவும் இல்லை.

அழுகை கவுன்சிலரோடு நிற்கவில்லை. அடுத்த புதன்கிழமை ரேஷன் கடைக்காரர் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருந்த கையோடு வீறிட்டார். அதற்கடுத்த புதன்கிழமை சங்கரலிங்கம், டீயை ஆற்றிக்கொண்டிருந்தவன், நீளமாக இழுத்து ஆற்றின டீ அந்தரத்தில் நிற்க, வாயைச் சதுரமாகத் திறந்துகொண்டு அழுதான். உள்ளே ஊசி போட்டுக்கொண்டது அவன் தங்கச்சி பிள்ளை. பிரசவத்துக்கு ஆட்டோ அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பாமல் விட்டவன் அவன்.

மையத்துக்குள் பிள்ளைகள் எல்லாம் ஊசியை வாங்கிக்கொண்டு பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தன. குளோரி அதிசயப்படவில்லை. அவளுக்கு நேரமில்லை. நீலப் பெட்டியில் ஐஸ் உருகுவதற்குள் மருந்தை முடிக்க வேண்டும், பிள்ளைகளைத் தட்டில் போட்டு எடை பார்க்க வேண்டும், ஊசி போட்ட இடத்தில் காப்பித்தூள் அப்பாதே என்று தலை தலையாக அடித்துக்கொள்ள வேண்டும், அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ என்று சொன்னால் அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடுகிறவளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

"நர்சம்மா, வெளிய ஒரே அழுகையா இருக்கே, என்னன்னு பாக்கக் கூடாதா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "பெரிய ஆளுக அழுதா எனக்கென்னட்டி, அவுகளுக்கு ஊசி போட எனக்கு உத்தரவு இல்ல," என்றாள்.

தெரு பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாது இந்தத் தெரு? சாக்கடைக்கு மேலேயே மணமேடை போட்டுப் பழகின தெரு. முதல் மாதம் மந்திரித்தார்கள், இரண்டாம் மாதம் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் மாதத்திலிருந்து அதை வைத்துப் பிழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்களில் பாதிப் பேருக்குப் புதன்கிழமை என்றால் வெளியூரில் ஜோலி வந்தது. முடிதிருத்துகிற கடையில் புதன்கிழமை காலையில் சவரம் செய்வதில்லை என்று எழுதிப் போட்டார்கள். கத்தி தொண்டையில் இருக்கும்போது ஆள் வீறிட்டால் யார் பொறுப்பு. கட்சிக்காரர்கள் பொதுக்கூட்டத்தை வியாழனுக்கு மாற்றிவிட்டு அது வியாழ பகவானுக்கு உகந்த நாள் என்றார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம், குடிப்பாரா, கடன் இருக்கா என்று கேட்டது போய், "மாப்பிள்ளை புதன்கிழமை அழுதிருக்காரா?" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. படித்த டாக்டர் ஒருவர் வந்து இது கூட்டத்துக்கு வருகிற மனக்கோளாறு என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருவில் காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது தானும் அழுதார். மையத்துக்கு வாரம் ஒரு நாள் வர வேண்டியவர் அவர்தான், வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும்: அதுவரை தடுப்பூசி என்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மாமியார் வைவாள் என்று கதவைச் சாத்திக்கொண்ட பெண்கள் எல்லாம் இப்போது பிள்ளையை இடுக்கிக்கொண்டு விடிந்ததும் வரிசையில் நின்றார்கள். பிள்ளை மேல் வந்த அக்கறை இல்லை. யார் அழப்போகிறார்கள் என்று பார்க்கிற ஆசை. குளோரி நாலு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லி நடக்காதது, அடுத்தவன் அழுவதைப் பார்க்கலாம் என்றதும் நடந்துவிட்டது.

யார் வாயில் வரும் என்பதற்குத் தெரு ஒரு சட்டம் கண்டுபிடித்து வைத்திருந்தது. அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவன் வாயில் வரும். எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது, ஒரே ஒரு தடவை தவிர. முத்துச்செல்வி என்கிறவளின் புருஷன் குடித்துவிட்டு மார்க்கெட் சந்தில் கிடப்பவன், பிள்ளை முகத்தையே பார்க்காதவன். அவன்தான் அழப்போகிறான் என்று கூட்டம் சந்துக்குப் போய் அவனைச் சுற்றி நின்றது. அவன் கொட்டாவி விட்டான். அழுகை முத்துச்செல்வியின் அண்ணனிடம் வந்தது, ஒத்தாசைக்கு அரிசி மூட்டை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவந்துகொண்டிருந்த நல்ல மனுஷன், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே அழுதான். "இது என்ன நியாயம்?" என்று தெரு ஒரு பொழுது பேசிவிட்டு மறந்துவிட்டது. முத்துச்செல்வி மட்டும், "நான் அந்த மனுஷனைத் தலை முழுகி ரொம்ப நாளாச்சு. அவுக என்னத்துக்கு அழப்போறாக?" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மாசானமுத்தும் வாங்கவில்லை. அவர் காது முழுக்க வேறு சேதி இருந்தது. பிரம்மசக்தி உண்டாகியிருக்கிறாள்.

ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது அப்பன் கடமை. மாசானமுத்து கூட்டி வரவில்லை. ரீகனின் அம்மாதான் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டாளாம். பெரியாஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததை டீக்கடையில் கவனித்தார்கள். அவர் கணக்குப் போட்டுவிட்டார். பெரியாஸ்பத்திரியில் போட்ட ஊசிக்கு அழுகை எங்கும் போகாது, அது கிட்டங்கித் தெருவுக்கு மட்டும் உள்ள சங்கதி. ஒன்றரை மாதத்தில் அடுத்த ஊசி. அதற்கு அவள் இங்கேதான் வர வேண்டும். தன்னை விட்டால் வேறு யார் வாயில் வரப்போகிறது? தான் அவள் வீட்டு வாசலுக்குப் போகத் தேவையில்லை, மன்னிச்சுக்கோ தாயி என்று சொல்லத் தேவையில்லை, ஒரு சொல் பேசத் தேவையில்லை. அழுகை அதுவாக வந்து ஏறும், தெருவே பார்க்கும், அவளும் பார்ப்பாள், அதோடு முடிந்தது. கௌரவம் குறையாமல் குனிவதற்கு இதைவிட நல்ல வழி எவனுக்குக் கிடைக்கும்?

குளோரி பிரசவமான வீடுகளுக்குப் போய்விட்டு வரும் வழியில் அவர் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, பேத்தி ரெண்டே முக்கால் கிலோ இருந்துச்சு. இப்ப நல்லாப் பால் குடிக்கா. மூக்கு அப்படியே ஒங்க மூக்கு, பாவம்."

"எனக்கு ஏது பேத்தி?"

"ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு. ஒரு எட்டுப் போய்ப் பாத்தா கால் தேஞ்சிருமா?"

"ஊசி போட என்னைக்குக் கூட்டிட்டு வாரா?"

குளோரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இல்லாத பேத்திக்கு ஊசி என்னைக்குப் போட்டா ஒங்களுக்கென்ன?" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு போனாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கவுன்சிலர் தனுஷ்கோடி ஒரு பூட்டோடு வந்தார். மையத்தின் கூரை ஒழுகுகிறது, சுவர் வெடித்திருக்கிறது, தாய்மார்களின் உயிருக்கு ஆபத்து, ஆகவே மையத்தை மூடி, ஊசி போடுவதை ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் மாற்றுகிறோம் என்றார். கூரை பத்து வருஷமாக ஒழுகுகிறது. அவருக்கு ஆபத்து தெரிந்தது புதன்கிழமை தோறும் அவரே இரண்டு மூன்று முறை அழ ஆரம்பித்த பிறகுதான். தொட்டியில் தண்ணீர் வரும் என்று நம்பிப் பிள்ளை பெற்ற வீடுகள் அந்த வார்டில் அவ்வளவு இருந்தன.

தெரு என்ன செய்தது? வேடிக்கை பார்த்தது. வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சங்கரலிங்கம் கடையின் ஒரு பலகையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். மையம் மூடினால் அவனுக்கும் நிம்மதிதான். மாசானமுத்துதான் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மையத்தின் வாசற்படியில் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, எந்திரிங்க. இது கவர்மெண்ட் கட்டடம்," என்றார் தனுஷ்கோடி.

"யாருக்குல மாமா? ஒங்கப்பன் காலத்துலயே ஒங்க வீட்டுச் சம்பந்தம் எனக்கு வேண்டாம்னு சொன்னவன் நான்."

"மரியாதையாச் சொல்லுதேன்."

"நானும் மரியாதையாத்தான் சொல்லுதேன். பூட்டிக்கோ. இந்தப் பொம்பளைக அத்தன பேரையும் பிள்ளையோட ஒன் வீட்டு வாசல்ல கொண்டாந்து உக்கார வைக்கேன். நர்சம்மா அங்கன வச்சு ஊசி போடட்டும். நீ ஒன் பொண்டாட்டி பிள்ளைக்கு முன்னால அழு. அழுகை நின்னதும் ஒனக்குச் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டி, பவுடர் அடிச்சுத் தொட்டில்ல போடுதோம்."

தெரு சிரித்தது. தனுஷ்கோடி பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அன்று மாலையே மாசானமுத்துவைப் பற்றி, ஏழைப் பிள்ளைகளுக்காக அதிகாரத்தை எதிர்த்த பெரியவர் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சங்கரலிங்கம் கெட்டியான டீ ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். தெருவின் பிள்ளைகள் எக்கேடு கெட்டாலும் அவருக்கு என்ன? அவருக்கு அவருடைய புதன்கிழமை வேண்டும். டீயை வாங்கிக் குடித்துவிட்டு, "இந்த டீயை அன்னைக்கு ஊத்தியிருக்கணும்," என்று கிளாசைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் புதன்கிழமையும் வந்தது. மாசானமுத்து முகச்சவரம் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டி, தோளில் புதுத் துண்டு போட்டு, நாற்காலியைத் தெருவின் நடுமத்திக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அழுவதென்றால் எல்லோரும் பார்க்கும்படி அழ வேண்டும் என்று நினைத்தார். தெருவுக்கும் தெரிந்துவிட்டது. பலகை திறந்தது, ஜன்னல் திறந்தது, மொட்டைமாடிகளில் ஆள் ஏறியது. அடுத்தவர் மானம் போகப்போகிறது என்றால் இந்தத் தெரு ஒரு நிமிஷம் தாமதிக்காது.

பிரம்மசக்தி வந்தாள். பிள்ளையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். ரீகன் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தான். நடுத்தெருவில் நாற்காலியைப் பார்த்து நின்றாள். மாசானமுத்து அவள் கண்ணைப் பார்த்தார். அதில் கோபத்தைத் தேடினார். இவ்வளவு காலமாகத் தழை போட்டு அவர் வளர்த்த ஆட்டுக்கு அங்கே ஒரு ஜோடி இருக்கும் என்று நம்பியிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை. வழியில் நிற்கிற மாட்டு வண்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"கொஞ்சம் சேரைத் தள்ளிப் போட்டுக்கிடுங்களேன், பிள்ளைக்கு வெயில் படுது," என்றாள்.

அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அவள் உள்ளே போனாள். மையத்துக்குள் பிள்ளையை எடை போடுகிற சத்தம், குளோரி ஏதோ சொல்லுகிற சத்தம், நீலப் பெட்டியின் மூடியைத் திறக்கிற சத்தம், தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாமே கேட்டது. மாசானமுத்து நாற்காலிக் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார்.

வரவில்லை.

உள்ளேயிருந்துதான் வந்தது. முதலில் அது என்ன சத்தம் என்று யாருக்கும் விளங்கவில்லை. கட்டைக் குரலிலும் கரகரத்த குரலிலும் கேட்டுப் பழகிவிட்ட தெரு, ஒரு கைப்பிள்ளை தன் வாயால் தானே அழுதால் எப்படி இருக்கும் என்பதை மறந்திருந்தது. மெல்லிய, ஈரமான, பூனைக்குட்டி மாதிரியான அழுகை. வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். "அழுதுட்டுட்டி! பிள்ளை தானா அழுதுட்டு!" என்று கத்தினார்கள். குளோரி சிரித்துக்கொண்டே, "ஊசி குத்துனா பிள்ளை அழத்தாம்மா செய்யும், இதையும் வேடிக்கை பாக்க வந்துட்டாளுவ," என்றாள்.

வெளியே மாசானமுத்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருவேளை தாமதமாக வரும் என்று காத்திருந்தார். பிறகு, தெரு முழுவதும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும், அவர் ஆயுசில் அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தார். தானாகவே அழுது பார்த்தார். "ங்கே" என்றார். இன்னொரு தடவை "ங்கே" என்றார்.

கள்ள அழுகையைக் கண்டுபிடிக்க அந்தத் தெருவுக்குச் சொல்லித் தர வேண்டுமா? மொட்டைமாடியில் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். "வே மாசானம், சுருதி எறங்கிட்டு, கொஞ்சம் ஏத்திப் பிடியும்!" என்றான் சங்கரலிங்கம், தண்ணி டீ என்று ஏசினதற்கு அவனும் ஒரு பதில் பாக்கி வைத்திருந்தான்.

பிரம்மசக்தி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "யாரு அது, கத்துனது?" என்று ரீகனிடம் கேட்டாள். அவன் பிள்ளையின் துண்டைச் சரிசெய்தான். மாசானமுத்து எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டுமே.

"இருக்கட்டும், நீங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அந்த அரைமணி நேரமும் நாற்காலி சும்மா கிடந்தது. அவர் பக்கத்தில் நின்றார். அப்போது வரிசையின் கடைசியில் நின்ற முத்துச்செல்வி, யாரையும் பார்க்காமல், தன் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அவளுக்கு இவுகமேல நெனப்பிருந்தாத்தான இவுக வாயில வரும்," என்று சொன்னது அவருக்கு இந்தத் தடவை கேட்டது.

வீட்டுக்குப் போய் அன்று முழுவதும் யோசித்தார். யோசிக்கிற பழக்கம் இல்லாதவர், அதனால் நேரம் பிடித்தது. ஊசி அதோடு முடியவில்லை, அடுத்த மாதமும் உண்டு. அதில் அழுகை தன் வாயில் வர வேண்டும் என்றால் அதற்குள் அவள் தன்னிடம் எதையாவது எதிர்பார்த்து ஏமாற வேண்டும். ஏமாற்றுவது அவருக்குக் கஷ்டமே இல்லை, அதில் அவர் கை தேர்ந்தவர். முதலில் எதிர்பார்க்க வைக்க வேண்டும். பிள்ளைக்குத் தொட்டில் கொண்டுவருகிறேன், இந்த வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொண்டுபோகாமல் இருந்தால் போதும். அவ்வளவுதான். அதற்காக மட்டும்தான் போகிறோம், வேறு எதற்காகவும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, விடிந்ததும் அதே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு நடந்தார்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

உள்ளே பிள்ளையைத் தட்டுகிற சத்தம் நின்றது. "யாரு?" என்றாள் பிரம்மசக்தி.

ஊரில் யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்காமலே சொல்லுகிறவர், தான் அந்த வீட்டுக்கு யார் என்று சொல்லத் தெரியாமல், இன்னொரு தடவை கதவைத் தட்டினார்.